சுவரை நிறுத்திய கரடி

அன்பு மகளுக்கு,

இதனால் உலகத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் அப்பாவின் வலது கட்டைவிரல் சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு கம்பெனி கேட்டுக்கும் அதன் தூணுக்கும் நடுவே சமரசம் பேசப் போய் நசுங்கி, தற்சமயம் கத்தரிக்காய் நிறத்தில் ஓய்வெடுத்துவருகிறது. பேனா பிடிக்க முடியாததால் அவர் சாய்ந்துகொண்டு சொல்ல, உன் அருமைத் தம்பி நான் எழுதுகிறேன். சுவையாக இருக்கும் வரிகள் என்னுடையவை, அறிவுரைகள் அவருடையவை. விரல் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா என்று கேட்கச் சொல்கிறார். காதை மூடினால் அறிவுரை எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டேன், இடது கையாலும் நன்றாகவே குட்டுகிறார்.

பெரிய செய்திக்கு வருகிறேன். அப்பாவின் அட்டைப்பெட்டி கம்பெனிக்குத் திடீரென்று காட்டின் மேல் காதல் வந்துவிட்டது. மேனேஜர் எல்லாருக்கும் இலைப்படம் போட்ட பனியன் கொடுத்தார், ஐந்நூறு கன்று நட்டார்கள், ஐந்நூறும் ஒரே சாதி, நேர்கோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. பக்கத்துக் காட்டின் காவலர் அம்மா வந்து பார்த்துவிட்டு, இது காடு இல்லீங்க, அணிவகுப்பு என்றாராம். உண்மையிலேயே உதவணும்னா பசைத் தண்ணிய ஓடையில விடாதீங்க, யார்டு விளக்கைக் கீழ பாத்து திருப்புங்க, முக்கியமா ஓடைப்பக்கம் கட்டப்போற சுவரை நிறுத்துங்க, அந்த இடைவெளி வழியாத்தான் மிருகமெல்லாம் தண்ணிக்கு வருது என்று பட்டென்று சொல்லிவிட்டார். பசைத் தண்ணீருக்குத் தொட்டி கட்டியாயிற்று, விளக்குகளும் தலை குனிந்துவிட்டன, இரண்டும் யார்டு மேற்பார்வையாளர் என்ற முறையில் அப்பா தலைமேல் விழுந்த வேலை, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். சுவருக்கு மட்டும் மேனேஜர் மசியவில்லை. கேமரா வையுங்க, ஒரு மாசத்துல பெரிசா ஏதாவது வந்தா பாக்கலாம் என்றார்.

அப்பாவும் காவலர் அம்மாவும், எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை மரத்தில் கட்டினார்கள். முதல் வாரப் படங்களில் அறுபத்திரண்டு அப்பா. தொப்பையோடு வருகிற அப்பா, முதுகு சொறிகிற அப்பா, கேமராவுக்குள்ளேயே எட்டிப் பார்க்கிற அப்பா. நம் அம்மா அதில் ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டி, அரிய விலங்கு, தொடாதீர் என்று எழுதிவைத்திருக்கிறாள். பிறகு முயல் வந்தது, கீரி வந்தது, முள்ளம்பன்றி ஒன்று குட்டிகளோடு குடும்பமாக வந்தது. அப்பா ஒவ்வொன்றையும் ஓடிப்போய்க் காட்டுவார். மேனேஜர் கொட்டாவி விட்டுவிட்டு, முயலுக்காக எவனாவது சுவரை நிறுத்துவானா என்பார். மாசம் முடிய மூன்று நாள்தான் இருந்தது, செங்கல் லாரி வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது, அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வந்தது கரடி! தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், பழுப்பு நிறம், பெரிய முதுகு, நாலு காலில் புதருக்குள்ளே நுழைகிறது. அப்பா படத்தைப் பார்த்ததும் செருப்பு போடாமல் கம்பெனிக்கு ஓடினார். சுவர் வேலை நின்றது, செங்கல் திரும்பிப் போகப்போகிறது. கேமராவை ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொன்ன அறிவாளி யார் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன், நான்தான். என் பெயரில் ஒரு பெஞ்சாவது போடலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கேட்பது இதுதான். கம்பெனிக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நீ விலங்கு ஆராய்ச்சி படிக்கிறவள் என்பதால், இது கரடிதான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். என் பொண்ணு சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எல்லாப் படங்களும் உறைக்குள் இருக்கின்றன. தாமதிக்காதே, தலைக்கு எண்ணெய் வை, நூறாண்டு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, இதற்குக் கீழே இருப்பது அவர் சொன்னதில்லை, கை கழுவ உள்ளே போயிருக்கிறார். அந்தக் கரடி நான். உன் பழைய கம்பளிதான் முதுகு. அப்பா சிரிக்கட்டும் என்றுதான் செய்தேன், பார்த்ததும் டேய் நீயாடா என்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அதற்கப்புறம் நான்தான் என்று எப்படிச் சொல்ல? நீ ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாய், இடது பின்னங்காலில் ரப்பர் செருப்பு தெரிகிறது. பொய்க் கையெழுத்து போடாதே. அந்த முள்ளம்பன்றிக் குடும்பத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் உண்மையாக எழுது, அதற்காகச் சுவர் நிற்குமா தெரியாது, கரடியை விட்டால் நமக்கு அதுதான் இருக்கிறது. அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார். நான் இடது கையால கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒருதடவை முழுசா வாசிடா என்கிறார். முழுசாகவே வாசிக்கப் போகிறேன் அக்கா, இந்த வரி வரைக்கும்.