வராதவர்களையும் கேட்டோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே ஓடாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன், வேறென்ன செய்ய முடியும் இவ்வளவு தூரத்திலிருந்து. போனில் சொன்னால் நான் ஆரம்பிப்பதற்குள் "சுருக்கமா சொல்லும்மா" என்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், சுருக்கமாக இருக்காது, பொறுமையாகப் படி.

என் மாலை வகுப்பு உனக்குத் தெரியும், நூலகத்து மாடிக் கூடத்தில், பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்புவது. இந்த வருஷம் அதை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், இப்படிப் படிப்பதால் கணக்குப் பயம் கூடுகிறதா குறைகிறதா என்று அளப்பதற்கு. "பயத்த எப்படி அளப்பாங்க, அக்குள்ல வைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று அப்பா கேட்டார். அதெல்லாம் இல்லை, கேள்விகள்தான். கணக்கைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, பலகைக்குக் கூப்பிட்டால் கை நடுங்குகிறது, இப்படி வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று கட்டங்கள். ஆன்லைனுக்கு மாறுவதற்கு முன்னால் ஒரு தடவை நிரப்பினார்கள், சில மாதம் கழித்து இன்னொரு தடவை. முடிவு வந்தது, பயம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டதாம். எங்கள் நிர்வாகிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா டீச்சர், நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அந்த முடிவை வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினார். அடுத்த கூட்டத்தில் மாடிக் கூடத்தை ஒரேயடியாகக் காலி செய்துவிடலாம் என்றும் சொன்னார்.

முதலில் நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறுத்தியது, குறைந்தது யாருடைய பயம்? என் வகுப்பில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு, அவர் இரண்டாவது தடவை நிரப்பவே இல்லை. தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்ணும் இல்லை. பலகைப் பக்கம் கூப்பிட்டால் வியர்த்துக் கொட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆன்லைன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரியை விட்டு ஓடினவர்களை விட்டுவிட்டு, கட்டிலில் மிச்சம் இருப்பவர்களைத் தொட்டுப் பார்த்து ஊருக்கே காய்ச்சல் விட்டது என்று சொன்ன மாதிரி அல்லவா இருக்கிறது? கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். முடிக்கும்வரை உட்காரவில்லை. "வராதவங்ககிட்ட எப்படிம்மா கேக்க முடியும்?" என்றார் நிர்வாகி. "போய்த்தான் கேக்கணும்" என்றேன். ஆராய்ச்சிக்காரப் பெண் வாயே திறக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். "எனக்கும் இது உறுத்திட்டே இருந்தது மேடம், சொன்னா அறிக்கை தள்ளிப்போகும்னு பயந்துட்டேன்" என்றாள். பயத்தை அளக்க வந்த பெண்ணுக்கே பயம். கூடத்தைக் காலி செய்வதைத் தள்ளி வைக்கச் சொல்லி அவளும் எழுதிக் கொடுத்தாள், நாங்கள் இருவரும் வராதவர்களைத் தேடிக் கிளம்பினோம்.

கிரேன்காரரை அவர் வேலை செய்யும் கட்டிடத்துக்குக் கீழேயே பிடித்தோம். என்னைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிற மனுஷன். "வீட்ல ஒரே ரூம் டீச்சர், நான் தப்பா சொன்னா என் பொண்ணு பின்னாடி நின்னு கேக்குது. கூடத்துல தப்பு பண்ணா அது கூடத்தோட போச்சு" என்றார். ஆராய்ச்சிக்காரப் பெண் அதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். அடுத்து தையல் ஆலை வாசலுக்குப் போய் நின்றோம். அங்கே எனக்கு ஒரு குட்டு விழுந்தது. பயத்தினால் நின்றுவிட்டாள் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். "பயமா? கணக்குல எனக்கு என்ன பயம்? வீட்டுக்கு ஒரே போன், சாயங்காலமானா அது அவர்கூட வேலைக்குப் போயிடும். பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, போன் இல்லாம அவருக்கு எப்படி ஓடும்?" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஆராய்ச்சிக்காரப் பெண் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். வகுப்பில் படிக்கும் பேக்கரிக்காரர் கூடத்தில் போன வருஷம் முழுக்க வாய் திறந்ததில்லை, ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். அவருக்கு உண்மையாகவே பயம் குறைந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுது என்று நானே அவளிடம் சொன்னேன்.

அவள் அறிக்கையைத் திருத்தி எழுதி நிர்வாகக் குழுவின் முன்னால் தானே படித்தாள். தொடர்ந்து படித்தவர்களுக்குப் பயம் குறைந்தது மெய், ஆனால் முதல் தடவை மிக அதிகமாகப் பயம் காட்டியவர்களே அதிகமாக நின்றிருக்கிறார்கள், பயமே இல்லாமல் வசதி இல்லாமல் நின்றவர்களும் உண்டு, இவர்களை விட்டுவிட்டு எடுத்த முடிவு பாதி முடிவுதான் என்று. நிர்வாகி குறுக்கே குறுக்கே பேசினார், அவள் நிறுத்தி, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து படித்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. கடைசியில் கூடம் தப்பித்தது. வாரத்தில் இரண்டு மாலை மாடியில், மற்ற நாள் ஆன்லைனில், யாருக்கு எது தோதோ அது. என்னையும் இன்னொரு வருஷம் இருக்கச் சொன்னார்கள், சரி என்றுவிட்டேன். நீ வேலையை விட்டுவிட்டு அங்கே வா என்கிறாய், வருவேன், இவர்களைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுத்தான் வருவேன், அதில் மாற்றம் இல்லை.

போன வாரம் கிரேன்காரர் வந்தார், கடைசி வரிசை. பலகைக்குக் கூப்பிட்டேன், வந்தார், பின்னத்தைத் தலைகீழாகப் போட்டார், எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். பிறகு அழித்துவிட்டுச் சரியாகப் போட்டார். ஆராய்ச்சிக்காரப் பெண் மறுபடி கேள்விகளைக் கொடுத்தாள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "பயம் இருக்கும்மா, ஆனாலும் வந்துட்டேன். இத எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டார். அவள் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேளாவேளைக்குத் தூங்கு, கண்ட நேரத்தில் காப்பி குடிக்காதே. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பக்கத்தில்தான் நிற்கிறார். எந்தக் குறையும் அண்டாமல், நினைத்ததை முடித்து, நீ நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். அலமாரியில் இருந்த உன் பழைய போனைத் தையல் ஆலைப் பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறேன், உன்னைக் கேட்காமல்தான், கோபித்துக்கொள்ளாதே. படங்களை அப்பா முன்பே எடுத்து வைத்துவிட்டார், இப்போது சார்ஜ் தீர்ந்து மறுபடி பூட்டிக்கொண்டது, அதைத் திறக்கும் எண் எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது. இதைப் படித்தவுடனே எழுதி அனுப்பு. செவ்வாய்க்கிழமை ஆன்லைன் வகுப்பில் அவள் முகத்தை நான் பார்த்தாக வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா