இடது கையால் எறிந்த எலுமிச்சம்பழம்

கரையான்சாவடி,
பார்த்திப வருஷம், வைகாசி மாதம்.

சிரஞ்சீவி தம்பி ராஜசேகரனுக்கு அக்காள் நாகவல்லி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், கறவை மாடு உள்பட. ஜெர்மனிச் சண்டை முடிந்துவிட்டதென்று பூந்தமல்லியில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் பர்மாப் பக்கம் எப்போது முடியும்? பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காயம் கட்டுகிறவனுக்கு அக்காளுக்கு நாலு வரி எழுத நேரமில்லையா? சரி, திட்டுவதற்காக எழுத உட்காரவில்லை. சந்தோஷ சமாசாரம் நிறைய இருக்கிறது. முதலில் என் வீட்டுக்காரரின், அதுதான் உன் மாமாவின், கட்டிக் கதை.

அவருக்கு அக்குளில் வருகிற கட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். வரும், உடையும், ஆறும், பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். நீ லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன சல்பா பவுடரைப் போட்டதும் புண் காய்ந்ததே, அன்றைக்குத் தெருவே உன்னைக் கொண்டாடியது. வலி நின்றாலும் நிறுத்தாதே, முழுசாக ஆறுகிறவரை போடு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். என் மாமியார் விட்டால்தானே? பொருக்குத் தட்டினதும் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "அதான் ஆறிப்போச்சே, இன்னாத்துக்கு வீணாக்கறே? பத்திரமா வச்சா தீவாளிக்கு ஆவும்" என்று சொல்லி, சாமி மாடத்தில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அங்கே வைத்ததுதான் வினை. விபூதி கேட்டு வருகிறவர்கள் இதையும் கேட்க ஆரம்பித்தார்கள். உன் மாமாவுக்குத்தான் தாராளக் கை ஆயிற்றே. பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் பிள்ளைக்குச் சிரங்கென்றால் ஒரு சிட்டிகை, எதிர்வீட்டு மாட்டுக்குக் கழுத்துப் புண்ணென்றால் ஒரு சிட்டிகை. கொசு கடித்தவன் நெற்றியில் இட்டுக்கொண்டு போகாததுதான் பாக்கி. தமக்குக் கட்டி வந்தால் தமக்கும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வார், வலி குறைந்ததும் டப்பா மாடத்துக்குப் போய்விடும். இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான் நடந்தது.

இந்தப் பங்குனியில் கட்டிகள் கூட்டமாகக் கிளம்பின. பவுடர் போட்டோம், கேட்கவில்லை. பழசாகிவிட்டதாக்கும் என்று சந்தையில் யாரிடமோ புது டப்பா வாங்கி வந்தார், அதுவும் கேட்கவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய்விட்டது. சட்டை மாட்டிவிடக்கூட நான் வேண்டியிருந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் வேஷம் கட்டித் தபசு மரம் ஏறுவது எங்கள் வீட்டு உரிமை. ஒரு வருஷம் தவறினாலும் அது பங்காளி திருவேங்கடத்துக்குப் போய்விடும். அதற்காக அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே காத்திருக்கிறார்கள். இவர் சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அடம்பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். இவர் போனதும் போகாததுமாக, "மருந்து செத்துப்போச்சிம்மா" என்று டாக்டரம்மாவிடம் புகார் செய்தார். மருந்து சாகவில்லை, கிருமிதான் சாகவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாதியில் நிறுத்தினால், தப்பிப் பிழைத்த கிருமிகள் அந்தப் பவுடருக்குப் பழகிப் பெருகிவிடுமாம். இனிமேல் இவருக்கு அதுவும் அரிசி மாவும் ஒன்றுதானாம். அதோடு இந்த வியாதி கிருமியால் மட்டும் வருவதில்லையாம், அவர் தோலின் சுபாவமே அப்படி உள்ளுக்குள் வெந்து வெந்து கிளம்புவதாம். யாருக்கும் தொத்தாது, அடியோடு போகவும் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர் அஸ்திரத்தை எடுத்துக் கொசு அடிக்கலாமா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார், இவர் என்னை முறைத்தார்.

கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். தினமும் உப்பு வெந்நீர் ஒத்தடம், சோப்புக் குளியல், தளர்ந்த சட்டை. எல்லாவற்றையும் நானே காவல் இருந்து செய்ய வைத்தேன். புண் நன்றாகக் குறைந்தது. ஆனால் காயம் மூடுகிறவரை வலது கையைத் தூக்கவே கூடாதென்பது கண்டிப்பான உத்தரவு.

திருவிழா அன்று, விடியவிடிய நடந்த கூத்து முடிந்து வெயில் ஏறுவதற்குள், மனிதர் மரத்தடிக்கு வந்து நின்றார். வலது கையில் ருத்திராட்ச மாலை கொடுத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார் கூத்து வாத்தியார். பனைமரத்தில் அடித்திருந்த கட்டைகளை இடது கையால் மட்டும் பிடித்து ஏறினார். மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று ஒரு விருத்தம் பாடினார். ஜனங்கள் அதைப் பக்தி என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உச்சியில் கட்டியிருந்த பரணில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் எறிகிற நேரம் வந்தது. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்க, இவர் இடது கையால் எறிந்தார். கூட்டத்தில் ஒருவன், "பிரசாதத்தைப் பீச்சாங்கையாலயா குடுப்பாங்க?" என்று ஆரம்பித்தான். முணுமுணுப்பு பரவியது, ஏந்திய மடிகள் தாழ்ந்தன. உரிமை போயிற்றென்றே நினைத்தேன். அப்போது கீழே கோமாளிக் கட்டியக்காரன் வேஷத்தில் நின்ற அதே திருவேங்கடம் துள்ளிக் குதித்து, "யோவ், இன்னா முணுமுணுக்கறே? அர்ச்சுனனுக்கு சவ்வியசாசின்னு பேரு கீது, தெரியுமா? ரெண்டு கையாலயும் அம்பு உடறவன்யா! அவனுக்கு ஏது பீச்சாங்கை?" என்று கத்தினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் பழங்களுக்கு ஒரே அடிதடி. பிறகு நான் திருவேங்கடத்துக்கு மோர் கொடுத்து, ஏன் இப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். "அந்த மரத்த அண்ணாந்து பாத்தாலே எனக்குத் தல சுத்துது அண்ணி. அண்ணனே ஏறிகினு போவட்டும்" என்றார்.

வருஷா வருஷம் அந்தப் பெண்களோடு நானும் மடியேந்தி நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பி அழுதது உனக்குத் தெரியும். இந்த வருஷம் நான் நிற்கவில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். எனக்கு இது நாலாம் மாதம், தம்பி. அப்பாவின் கட்டி பிள்ளைக்கு ஒட்டாதென்று டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் மாமாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

இனி எங்களுக்கு டப்பா அனுப்பாதே. அது அங்கே அடிபட்டுக் கிடக்கிற பிள்ளைகளுக்கு ஆகட்டும். உன் உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும், மற்றவர்களுக்கு வேண்டுமே என்று மிச்சம் பிடிக்காமல் முழுசாகப் போட்டு ஆற்றிக்கொள். உன் குணம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். பிறக்கிற பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். திரௌபதி அம்மன் துணையிருப்பாள். கையும் காலுமாக முழுசாக வந்து சேரடா.

இப்படிக்கு,
உன் அக்காள்,
நாகவல்லி