ஆமைக்கு அறுபத்தொரு சுற்று

குஷாய்குடா,
ஹைதராபாத்.
14.4.2009

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமேஷுக்கு, மாமா கோவிந்தராஜனின் ஆசீர்வாதம்.

இன்று வருஷப் பிறப்பு. நானும் சுப்ரியாவும் சௌக்கியம். அங்கே அமெரிக்காவில், எடிசனில் உங்கள் சௌக்கியம் எப்படி என்று கேட்கப் போவதில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சாவகாசமாகச் சொல்கிறேன்.

முதலில் சுப்ரியா சொல்லச் சொன்னதை எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவருக்குப் போன் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு, இனிமே நானாப் பண்ண மாட்டேன், நீங்க பெரியவங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்கப்பா என்றாள். செய்தி இதுதான். ஏப்ரல் முப்பதுக்குள் நீங்கள் அவளுக்கு ஒரே ஒரு போன் செய்ய வேண்டும். வேலை இருந்தாலும் சரி, போயிருந்தாலும் சரி, அங்கே வரச் சொன்னால் வருவாள், நீங்கள் இங்கே வந்தாலும் சரி. போன் வராவிட்டால் பக்கத்துத் தெரு வக்கீல் லலிதா எழுதி வைத்திருக்கும் விவாகரத்து மனுவில் அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவ்வளவுதான் செய்தி. பெரியவன் என்ற முறையில் சொல்லிவிட்டேன்.

இனி என் விஷயம். தலை தீபாவளிக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, பொழுது போகாமல் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மிருகச் சண்டை விளையாட்டைத் திறந்து காட்டினீர்கள். ஆளுக்கு நான்கு மிருகங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு அடி, உலகத்தில் எங்கோ இருப்பவனோடு சண்டை. உங்கள் செல்லம் வெலாக்ஸ் என்ற மின்னல் சிறுத்தை. ஓரத்தில் பாசி பிடித்த ஓட்டோடு ஒரு ஆமை நின்றுகொண்டிருந்தது. பெயர் குர்மோ. இது என்ன என்று கேட்டேன். அது வேஸ்ட் மாமா, அட்டாக்கே கிடையாது, எவனும் எடுக்க மாட்டான் என்றீர்கள். எனக்கு என்னவோ அந்த ஆமையைத்தான் பிடித்திருந்தது.

2008 ஜனவரியில் நீங்கள் அமெரிக்கா கிளம்பினீர்கள். மூன்று மாதத்தில் சுப்ரியாவுக்கும் விசா என்றீர்கள். ஆறாவது மாதம் நான் ஒரு நாள் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கேன் மாமா என்று வைத்துவிட்டீர்கள். அப்போது உங்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணி, எங்களுக்குக் காலை ஒன்பதரை. பன்னிரண்டு மணிக்கு என்ன மீட்டிங் என்று யோசித்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த விளையாட்டில் உங்கள் பெயரைத் தேடினேன். பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஆட்டத்தில் இருக்கிறார் என்று போட்டிருந்தது.

கோபம் வந்தது, மாப்பிள்ளை. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. உங்கள் மாமியார் ஜலஜா உயிரோடு இருந்தவரை என்னைக் கல்லுளிமங்கன் என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கே அந்த விளையாட்டில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். சேம்பர்55 என்று பெயர் வைத்தேன். ஆமாம், அது நான்தான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

முப்பத்தொரு வருஷம் இங்கே எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். செய்து முடித்த கருவியை சேம்பர் என்கிற ஒரு சூட்டறையில் வைத்து, ஐம்பத்தைந்து டிகிரியில் எழுபத்திரண்டு மணி நேரம் ஓடவிடுவோம். தாங்கினால் பாஸ், செத்தால் குப்பை. புதிதாக வருகிற பையன்களுக்குக் கை பரபரக்கும், மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்பேன். உள்ளே இருப்பது நல்ல சரக்கா இல்லையா என்பது திறக்காமல் இருந்தால்தான் தெரியும். என் வேலையே அதுதான், அடிப்பது இல்லை, காத்திருப்பது.

அதனால்தான் குர்மோ எனக்குப் புரிந்தது, உங்களுக்குப் புரியவில்லை. அதன் வித்தைகள் நாலே நாலு. விஷக் கடி, சேற்றுப் பிடி, ஓட்டுக்குள் ஒடுங்குவது, தூங்குவது. முதல் சுற்றில் கடிப்பேன். விஷம் முதலில் கொசுக்கடி மாதிரி, சுற்றுக்குச் சுற்று ஏறும். இரண்டாம் சுற்றில் சேற்றில் பிடித்துக்கொள்வேன். பிறகு உங்கள் சிறுத்தையை நீங்கள் நினைத்தாலும் திரும்பக் கூப்பிட முடியாது. மூன்றாம் சுற்றில் விஷம் உறைக்க ஆரம்பிக்கும். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு தடவையும், ஒரு தடவைகூடத் தப்பாமல், உங்கள் பெரிய அடியான இடியை இறக்குவீர்கள். நான் ஓட்டுக்குள் ஒடுங்கிவிடுவேன். இடி வீண். இடி இறக்கிய மிருகம் அடுத்த சுற்றில் களைத்துப்போய் நிற்க வேண்டும், அது விதி. அந்தச் சுற்றில் நான் தூங்கி எழுந்துகொள்வேன். அப்புறம் எனக்கு வேலையே இல்லை, உங்கள் மிருகம் தானாகச் சாகும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதில்லை. ஃபாக்டரியில் எழுதுவதுபோல ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தேன். எழுபத்திரண்டு ஆட்டம், அறுபத்தாறில் நீங்கள் தோற்றீர்கள். மீதி ஆறும் கரண்ட் போய்விட்டதால் உங்களுக்குச் சேர்ந்தவை.

எதற்கு இத்தனை என்று கேட்பீர்கள். ஜெயிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறவரை மனுஷன் வீட்டை நினைக்க மாட்டான், அங்கேயும் உதை விழுந்தால் பெண்டாட்டியிடம் திரும்புவான் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குத் தப்பிவிட்டது. தோற்கத் தோற்க நீங்கள் என்னையே தேடி வந்தீர்கள். மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு சேம்பர்55 எப்போது வருவான் என்று காத்துக்கிடந்தீர்கள்.

21.4.2009

எழுதிய கடிதம் மேஜையிலேயே இருக்கிறது. சொல்ல வேண்டியது பாக்கி இருக்கும்போது உறையை ஒட்ட மனசு வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் பச்சைப் புள்ளி எரிந்தது. உங்கள் ஊரில் காலை ஒன்பதரை. ஆபீசில் இருக்க வேண்டியவர் இங்கே என்ன செய்கிறார் என்று பார்த்தேன். மறுநாளும் வந்தீர்கள், அதற்கு மறுநாளும். வேலை போய்விட்டதா என்று சாட்டில் கேட்டேன். யாரோ வெள்ளைக்காரக் கிழவன் என்று நினைத்தோ என்னவோ, கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். ஜனவரியிலேயே வேலை போனதும், நாலு பேரோடு ஒரு அறையில் முடங்கிக் கிடப்பதும், ஊரில் யாருக்கும் சொல்லாததும்.

மனைவியிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். நீங்கள் எழுதிய பதிலை நோட்டில் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். அவளிடம் சொன்னால் தாங்கிக்கொள்வாள், ஆனால் அவள் அப்பா எதையும் சோதித்துப் பார்க்கிற மனிதர், நான் ஃபெயில் ஆனது அவருக்குத் தெரிவதைவிடச் சாவது மேல் என்று எழுதியிருந்தீர்கள். என்னைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறீர்கள்.

அதே வாரத்தில் ஒரு நாள் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது சுப்ரியா பால் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவைக் காதில் செருகியபடியே என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டதும் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். க்யா அப்பா, இந்த வயசுல வீடியோ கேமா, எதிர்ல யாரு என்று கேட்டாள். யாரோ வேலைவெட்டி இல்லாதவன் என்றேன். பாவம், விட்டுடுங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டாள். உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. எழுந்துகொள்ளவில்லை.

பிறகு மார்ச் மாதக் கடைசி ஆட்டம். அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் இருபது பேருக்குள் வந்தால் அந்த விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனியே இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறது, அது கிடைத்தால் என் மனைவி முகத்தில் விழிக்கலாம், இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடு நண்பா என்று ஆரம்பிக்கும் முன்பே எழுதினீர்கள். படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். பிறகு விஷக் கடியை அழுத்தினேன்.

அன்று நீங்கள் நன்றாக ஆடினீர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவையாக மூன்றாம் சுற்றில் இடியை இறக்கவில்லை. பொறுத்தீர்கள். பத்தாம் சுற்றிலும் பொறுத்தீர்கள். ஒருவேளை தேறிவிட்டாரோ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. நாற்பதாவது சுற்றில் உங்களிடம் வெலாக்ஸ் ஒன்றுதான் மிச்சம், என்னிடம் குர்மோ ஒன்றுதான் மிச்சம். ஐம்பத்தெட்டாவது சுற்றில் கை பரபரத்துவிட்டது உங்களுக்கு. இடி இறங்கியது, நான் உள்ளே போயிருந்தேன். அறுபத்தொன்றில் முடிந்தது. பட்டியலில் உங்களுக்கு இருபத்தொன்றாவது இடம்.

விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சூட்டறையில் வைத்த சாமானை, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று யாராவது பாஸ் போடுவார்களா? என் பெண்ணை ஏழு கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகிறவன் மூன்று சுற்றாவது தாங்குவானா என்று பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

இது முதலில் தோன்றிய காரணம். நோட்டில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

28.4.2009

இன்று காலை சுப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். அவருக்குச் சொல்லிட்டீங்கள்லப்பா, தேதியைத் தெளிவாச் சொன்னீங்கள்ல என்று. எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன் அம்மா என்றேன். பதில் வந்துச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். இரண்டும் பொய் இல்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். மூன்று நாளாக அவள் கொண்டுபோகிற சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தேன். வழக்கம்போல நீங்கள் வந்திருந்தீர்கள். ஏன் பத்து நாளாகக் காணோம், உடம்புக்கு ஒன்றும் இல்லையே, இங்கே பேச எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை என்று எழுதினீர்கள். நான் விசைப்பலகையில் கை வைத்து, சுப்ரியா உன் போனுக்குக் காத்திருக்கிறாள் என்று அடித்தேன். அனுப்புவதற்கு ஒரு பொத்தான்தான் பாக்கி. எழுத்தெழுத்தாக அழித்தேன். பிறகு விளையாடினோம். நீங்கள்தான் தோற்றீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை, மாப்பிள்ளை. உங்களை இத்தனை நாள் அடித்து அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன், சரக்கு நல்ல சரக்குதான். கொஞ்சம் சூடு ஆறினால் அவளை நன்றாக வைத்துக்கொள்வீர்கள். நீங்கள் போன் செய்தால் அவள் ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிடுவாள், அதுவும் எனக்குத் தெரியும். அப்புறம் இந்த வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? ஜலஜா போன பிறகு, சுப்ரியா வெளியூரில் படித்த இரண்டு வருஷம் தனியாக இருந்து பார்த்தேன். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் அவளை இங்கே விட்டுவிட்டுப் போகும்வரை குடித்தனம் நடத்திய அந்த ஒரு வருஷமும் சேர்த்தால் மூன்று. பயமாக இருக்கிறது என்று ஒரு கல்லுளிமங்கன் எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

தபால் நிலையத்தில் நேற்றே விசாரித்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர், அமெரிக்காவா சாப், ஸ்பீட் போஸ்ட்ல போட்டா சீக்கிரம் போயிடும் என்றார். நக்கோ, சாதாரணத் தபால் போதும் என்றேன். அப்படியென்றால் பன்னிரண்டு நாள், சில சமயம் பதினைந்து நாள்கூட ஆகலாம் என்றார். இன்று மத்தியானம் போய்ப் போட்டுவிடுவேன். செய்தி சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சீக்கிரமே நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று அம்பாளிடம் சொல்லியிருக்கிறேன், அதை மனசாரத்தான் சொன்னேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது உங்கள் கைக்கு வரும்போது அவள் கையெழுத்துப் போட்டு, அழுது முடித்து, எழுந்திருப்பாள். மறுபடி போன் செய்து அவளைக் கலைக்காதீர்கள். பொறுக்க முடியாமல் செய்துவிட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். விளையாட்டைச் சொல்லுங்கள், நோட்டைச் சொல்லுங்கள், மார்ச் மாதத்து ஆட்டத்தைக்கூடச் சொல்லுங்கள், திட்டுவாள், பொறுத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தில் போட்டிருக்கிற தேதிகளை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். எனக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமா,
வே. கோவிந்தராஜன்