கார்காலத்துக்கு முந்தைய கடைசிப் படகு

விதைக்குள் மரத்தையும் மேகத்துக்குள் மழையையும் ஒளித்துவைத்து, உரிய பொழுதில் தானே திறந்து காட்டும் இறைவனை வணங்கி எழுதத் தொடங்குகிறேன்.

அன்புள்ள மருமகளுக்கு மாமாவின் ஆசிகள்.

இக்கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபால் படகில் உன் கைக்கு வந்து சேர வேண்டும். வெள்ளிக்கிழமைப் படகில் உன் கணவன் வருகிறான். கடல் கொந்தளிக்கத் தொடங்குமுன் ஓடும் கடைசிப் படகு அது. காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும். அதற்குள் உன்னைப் புறப்படவைத்துவிட வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான். அவன் வாயால் கேட்குமுன் என்னிடமிருந்து நீ அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உட்கார்ந்து நிதானமாகப் படி.

என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே உன் கணவன் சொல்லப்போவது பொய்யன்று. ஆயினும் அந்த உண்மையைக் கயிறாகத் திரித்து உன்னைக் கட்டி இழுத்துவர நினைக்கிறான். நீ வந்த பிறகுதான் சிகிச்சை என்று நாளையும் தள்ளிப்போடுகிறான். இதற்கு நான் உடன்படவில்லை.

சென்ற வாரம் கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்தான். "அப்பா, நீங்களே ரெண்டு வரி எழுதிடுங்க. படுத்த படுக்கையா கிடக்கறேன்னு எழுதினா அடுத்த படகுல வந்துடுவா" என்றான். நான் அப்போது ஏணிமேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் கிடப்பவன் ஏணியில் நிற்பது எப்படி என்று கேட்டேன். "முதல்ல இறங்குங்க, அப்புறம் வாதாடலாம்" என்றான்.

இறங்கிய பிறகு வாதாடத்தான் செய்தோம். "அவளுக்குப் பூ பூக்கறதும் இலை கொட்டறதும்தான் பெருசு. இங்க பெரியவர் எப்படி இருக்கார்னு ஒரு கவலை உண்டா?" என்றான். நாம் சொன்னால்தானே அவளுக்குத் தெரியும் என்றேன். அவன் குரல் உயர்ந்தது. என் குரலும் உயர்ந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் கண்ணு பாத்துக் கண்ணாடி போட்டுக் குடுக்கறே. உன் பொண்டாட்டி ரெண்டு வருஷம் வெள்ளைத்தாளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தது மட்டும் உனக்குத் தெரியலையேடா" என்றேன். சொன்ன கணமே வருந்தினேன். அன்றிரவு அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் என் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, சிறு டப்பிகளில் இட்டு, ஒவ்வொன்றின்மேலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டே கடைக்குப் போனான். அவன் அச்சம் அப்படித்தான் பேசுகிறது, அம்மா. அவனைப் பெற்றவள் மருத்துவமனைக்குள் நடந்து போனாள், நடந்து திரும்பவில்லை. படகுத்துறையில் அவன் சத்தம் போட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு கேள்.

இனி உன் ஓவிய வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த இரண்டு வருடமும் வண்ணத்தில் தோயாத தூரிகைகளை நாள்தோறும் கழுவிக் கவிழ்த்து வைத்தாயே, அதைப் பார்த்தும் பாராதவன்போல் இருந்தேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் ஓய்வென்று தீவுக்குப் போனவள், கைவிடப்பட்ட அந்தப் பழைய தோட்டத்தைக் கண்டதும் வரையத் தொடங்கினாய். நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு ஆறு பருவங்களையும் ஆறு துணிச் சித்திரங்களாகத் தருவதாக ஒப்புக்கொண்டாய். கூதிரில் தொடங்கி முதுவேனில்வரை ஐந்து முடிந்தன. நீ அனுப்பிய மாதிரிகளில் பின்பனியை நான் மேசையருகே வைத்திருக்கிறேன். இலையற்ற ஒரு கிளையும் அதன் நுனியில் சிறிது ஈரமும், அவ்வளவுதான். பார்க்கும்போதெல்லாம் மேல்துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது.

எஞ்சியிருப்பது கார். "மழை வந்தா இந்தத் தோட்டம் வேற ஆளா மாறிடும், நீயே அடையாளம் தெரியாம நிப்பே" என்று அங்குள்ள தோட்டக்காரி உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். வேலிச் சுவரில் ஒரே நாளில் பாசி ஏறுவதையும், கடலின் உப்பு பட்டு ஓரத்துச் செடிகள் கருக, அவற்றின் காலடியிலேயே செங்காந்தள் கிளம்புவதையும் இங்கிருந்து கற்பனையில் வரைய முடியாது. அதைக் காண நினைப்பவர், படகு நின்ற பிறகும் அங்கே இருந்தாக வேண்டும்.

பழம்பாடல்களில் கார் தொடங்கிவிட்டால் பிரிந்து சென்றவர் திரும்பிவிட வேண்டும். முல்லை அரும்பிவிட்டதே, தேரொலி கேட்கவில்லையே என்று வீட்டில் இருப்பவள் கலங்குவாள். நம் வீட்டில் பிரிந்து போனவள் நீ; கலங்குகிறவன் என் மகன். அப்பாடல்களை வாழ்நாளெல்லாம் ஓதிய நான், கார் தொடங்குகிறது, திரும்பாதே என்று எழுதுகிறேன். எனினும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தவர்களும் அப்புலவர்களே. அவ்விரண்டும் முன்னால் வந்து நின்ற பிறகே அவர்களுக்குப் பாட்டு பிறந்தது. உனக்கும் அப்படித்தான் பிறந்திருக்கிறது. அதன் பாதியில் உன்னை எழுப்பிக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை.

ஆகையால் ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன். வெள்ளியன்று உன் கணவன் படகேறியதும் உன் நாத்தனார் வண்டியோடு வந்து என்னைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்வாள். திங்கட்கிழமை அங்கே சிகிச்சை. ஒப்புதல் தாளில் நானே கையெழுத்திட்டாயிற்று. "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கடிச்சே தின்னுடுவான்ப்பா" என்றாள். அவனுக்குத் தெரியும்போது நடுவில் கடல் இருக்கும் என்றேன். சிரித்தாள், பிறகு நெடுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்று நியாயம் பேசலாம். இறைவன் முன் அது நிற்காது. காலைப் பிரார்த்தனையில் அவன் பெயரைச் சொல்லும்போது நாக்கு தடுமாறுகிறது. இதை அவனிடம் நீதான் சொல்ல வேண்டும். மாலைப் படகில் திரும்பினால் திங்களுக்கு முன் என் பக்கத்தில் இருப்பான். பிள்ளைகள் இருவர் அருகிருக்க, எனக்கு வேறென்ன குறை?

வராதே என்று நான் ஆணையிடவில்லை. நீ வந்து நின்றால் என் உள்ளம் குளிரும். அதை மறைத்தால் இக்கடிதத்தில் மற்றவையும் பொய்யாகும். ஆனால் மாமனார் அறுவை மேசையில் கிடக்க மருமகள் படம் வரைந்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற அச்சத்தால் நீ பெட்டியைக் கட்டுவாயானால், துறையிலிருந்தே திரும்பிப் போ. தீவில் தொலைபேசி இல்லை. படகு நின்றால் செய்தியும் நிற்கும். திங்கட்கிழமை எப்படிக் கழிந்தது என்பது மழை ஓயும்வரை உனக்குத் தெரியாது. அந்தச் சுமையையும் உன்மேல்தான் வைக்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டே வரைய வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆயினும் கேட்கிறேன்.

மழை ஓய்ந்து முதல் படகு விடும் நாளில், ஆறையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வா. துறையில் நம் வீட்டார் யாராவது நிற்பார்கள்.

உன் கை தளராதிருக்கட்டும். என் மகனுடைய கோபம் உன் முகம் கண்டு தணியட்டும். நீங்கள் இருவரும் கூடி வாழும் வீட்டில் விளக்கும் பேச்சும் சிரிப்பும் குறையாதிருக்க, எல்லாப் பருவங்களையும் ஆளும் இறைவன் உங்களைக் காப்பானாக.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா