காலேபின் தீவு

ஜூலை 7, திங்கள்

மழை. திருமுடிவாக்கத்தில் மழை பெய்தால் முதலில் எங்கள் பீரோ கம்பெனி டிஸ்பாட்ச் ரூமில்தான் ஒழுகும். பீரோக்களுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே சேலையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் காலேப் ஹாலில், அதே நாற்காலியில், லேப்டாப் முன்னால். மாடியில் காயப்போட்ட துணி அத்தனையும் நனைந்துகொண்டிருக்கிறது. "மழையா?" என்று கேட்கிறார்.

சிறுசேரியில் ஐ.டி. வேலை போனபின் முதல் மாதம் தினமும் ரெஸ்யூம் அனுப்பினார். இப்போது ஒரு தீவை ஆண்டுகொண்டிருக்கிறார்.

ஜூலை 9, புதன்

லேப்டாப்பில் அவர் ஆடுகிற அந்த கேம் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணாடி மாதிரி கடல். பொழுது சாய்ந்ததும் தீவில் வீடு வீடாக விளக்கு எரிகிறது. மீன்காரி கூடையை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். மதில் கட்ட வேண்டும், படையை நிறுத்த வேண்டும், எதிரிக் கப்பல் வந்தால் தடுக்க வேண்டும். எல்லாம் மூளைக்கு வேலையாம்.

"வடக்குக் கரையில இன்னைக்கு ஒரு கப்பல்கூட உள்ள வரல, ஜோ."

சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் அது போதுமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றும் தனியாகத்தான் ஆராதனைக்குப் போனேன். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். எத்தனை வாரத்துக்குத்தான் காய்ச்சல் வரும்?

போன மாதம் பெண்கள் ஐக்கியத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள், இவர் பெயரைக் கொடுத்தேன். எல்லாரும் செய்வதுதானே? ரத்தினபாய் அக்கா அதைச் சபை முழுக்கக் கேட்க மைக்கில் வாசித்துவிட்டார்: "வேலை இழந்து கலங்கி நிற்கும் சகோதரன் காலேப்." ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. முடிந்ததும் இவர் யாரிடமும் கை குலுக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். அன்றோடு சரி, சபைப் பக்கமே வருவதில்லை. அக்காவைக் குறை சொல்லவும் முடியவில்லை, நிஜமாகவே உருகித்தான் ஜெபித்தார்.

ஜூலை 19, சனி

முடி வெட்டப் போனவர் கேமை அணைக்காமல் போய்விட்டார். நான் எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கொம்பு ஊதுகிற சத்தம், எதிரிக் கப்பல்கள். ஐயோ, இவர் தீவு போகப்போகிறதே என்று பதறிப்போய் எதை அழுத்துவது என்று தேடுவதற்குள், கோபுரங்கள் தானாகவே சுட்டுத் தள்ளின. வாணவேடிக்கை. பெரிய எழுத்தில் வெற்றி!

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த முறை கப்பல் வருவதற்குள் வேண்டுமென்றே ஒரு மதிலை இடித்தேன். படையை மலைக்கு அந்தப்பக்கம் அனுப்பிவைத்தேன். கதவையெல்லாம் திறந்து வைத்தேன். அப்போதும் வெற்றி. அதே வாணவேடிக்கை.

எங்கள் கம்பெனியில் சில பீரோ உண்டு. பெயின்ட் பளபளக்கும், தட்டினால்தான் தகடு எவ்வளவு மெல்லிசு என்று தெரியும்.

அவர் வருவதற்குள் மதிலைத் திரும்பக் கட்டிவைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் ஜெயிக்கிற ஒரே இடம் அதுதான்.

ஜூலை 24, வியாழன்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தீவின் படம் வரைந்து, தெற்குக் கரையை எப்படிக் காப்பாற்றினார் என்று விளக்கினார். நானும் "அப்புறம்?" என்று கேட்டேன். குழந்தையிடம் கேட்பது மாதிரி. என் புருஷனிடம் இப்படிப் பேசும்படி ஆகிவிட்டதே.

ஜூலை 29, செவ்வாய்

மதியம் ஆபீஸுக்கு ஜேசன் போன் செய்தான். இவருடைய பழைய டீம். நாவலூரில் ஒரு கம்பெனியில் சொல்லிவைத்து, அவர்கள் நேற்று இன்டர்வியூவுக்காக இரண்டு முறை கூப்பிட்டார்களாம். இவர் எடுக்கவே இல்லையாம். "என்னன்னு பாருங்கக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்ன பேசினேன், எல்லாம் ஞாபகம் இல்லை. இது மட்டும் ஞாபகம் இருக்கு. "அது வெறும் பொம்மைங்க! ஆளே இல்லாட்டியும் ஜெயிக்குது. நான் செவுத்தையே இடிச்சுப் பாத்தேன், அப்பவும் ஜெயிச்சுது. உங்களால அதுல தோக்கவே முடியாது."

சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் அதிரவே இல்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"எனக்குத் தெரியாதா, ஜோ? பதினோரு வருஷமா டெஸ்டிங்தான பண்ணேன். முத நாளே தெரியும்."

சே. எனக்கு ஏன் இது தோணவே இல்ல? ஊரான் செய்த சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்த மனுஷன். அவர்கிட்டயா நான் மறைச்சேன்?

அப்புறம் எதுக்கு அந்தப் படம், வடக்குக் கரை, தெற்குக் கரை எல்லாம் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலம் வந்ததும் இன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு கேப்பல்ல. சொல்றதுக்கு ஏதாவது வேணும்ல."

ஜூலை 30, புதன்

காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தார். தக்காளி சாதம். உப்பே இல்லை. முழுக்கச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஜேசனுடன் பேசினார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம், வேறொன்று பார்க்கிறேன் என்றானாம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகச் சொன்னதுதான். ஜெபக்குறிப்பும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டு, ஜேசன் சொன்ன இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்கு நாவலூர் போனார். சாயங்காலம் நான் வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போச்சு, ஜோ. ரெண்டாவது ரவுண்டுல தூக்கிட்டாங்க."

என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கேள்வி கேட்டது ஒரு சின்னப் பெண்ணாம், சரியான கெட்டிக்காரியாம். புதிதாக வந்திருக்கும் ஏதோ ஒரு டெஸ்டிங் டூல், இவர் தொட்டதே இல்லையாம். தெரிந்த மாதிரி அளந்து பார்த்திருக்கிறார், அவள் இரண்டே கேள்வியில் பிடித்துவிட்டாளாம். ஏசியிலும் முதுகு முழுக்க வியர்த்துவிட்டதாம். "அசிங்கமா போச்சு. ஆனா அவ கேட்டது கரெக்டுதான்." பேசிக்கொண்டே சமையலறைக்கு வந்தார், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார், நின்றபடியே நாலு தோசை சாப்பிட்டார். அந்த டூலைப் படிக்கணுமாம். ஒரு மாதம் ஆகுமாம். அப்போதும் எடுக்கமாட்டார்களோ என்னவோ என்றார்.

வேலை கிடைக்காமல் வந்த மனுஷன் முன்னால் சந்தோஷப்படலாமா? தெரியவில்லை. நான் பட்டேன்.