பேயாண்டி மாமாவின் ஒரே படம்

மதுரை
12-8-1938

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா முத்திருளன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். ரங்கூனில் நீயும் மருமகனும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அழகர் துணையிருக்கட்டும். பிள்ளைக்குப் பல் முளைத்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அங்கே கலவரத்தில் பர்மாக்காரர்கள் நம் ஆட்களை அடிக்கிறார்களாமே, பேப்பரில் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மருமகனைப் பொழுது சாயுமுன் வீடு திரும்பச் சொல்.

உன் பேயாண்டி மாமா காய்ச்சலில் தவறியதை முன்பே எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத இத்தனை நாள் கை வரவில்லை. மூன்று வருசத்துக்கு முன் நான் வேலை பார்க்கும் போட்டோக் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார், நம் சனங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறாராம், ஒரு ஆளைக் கூட்டி வா என்றார் முதலாளி. நான் மாமாவைக் கூட்டிவந்தேன். கோச்சடை வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி முடிந்து, வெளுத்த சட்டை போட்டு வந்தார். "மச்சான், ஒச்சம்மாளயும் பக்கத்துல நிப்பாட்டலாமா?" என்று கூச்சத்தோடு கேட்டார். வெள்ளைக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். சட்டை வேண்டாம், முடியை அவிழ்த்துவிடு, அரிவாளைப் பிடித்து முறைக்கச் சொல் என்றார். நானும், "கழத்துங்க மாப்ள, ஒரு நிமிசந்தான" என்றேன். "களவாணி மாதிரி நிக்கச் சொல்றியளா மச்சான்?" என்றார். நான் சிரித்தேனம்மா. நம் சாதியையே திருடர் என்று எழுதிவைத்த ரேகைச் சட்டத்துக்காக ஸ்டேசனில் கைநாட்டு வைத்துவைத்தே கூனிப்போன மனுசன், ஒருத்தர் தோட்டத்தில் ஒரு வாழையிலை கிள்ளாதவர், எனக்காக அப்படி நின்றார்.

புத்தகம் வந்தது. படத்தின் கீழே 'பிறவித் திருடர் கூட்டத்தில் ஒருவன்' என்று இங்கிலீசில் போட்டிருப்பதாகக் கடைக் கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னார். பேர்கூட இல்லை. படம் எங்கே என்று மாமா கேட்கும்போதெல்லாம் கப்பலில் வருகிறது என்று பொய் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

பதினாறாம் நாள் உன் அத்தை ஒச்சம்மாள், "அண்ணே, அவுக மொகம் அந்தப் படத்துல இருக்குமே, கொண்டாங்க, வச்சுக் கும்புடணும்" என்றாள். வேறு படம் ஏது? அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருண்ணே?" என்றாள். சொன்னேன். "இல்லண்ணே. அவுக ஒருத்தரையும் இப்பிடிப் பாத்ததில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவளைப் பக்கத்தில் நிறுத்தலாமா என்று மாமா கேட்டதைச் சொன்னபோதுதான் உடைந்து அழுதாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவும் இல்லை.

மறுநாளே கடையில் இருந்த அந்தப் படத்தின் கண்ணாடி நெகடிவை உடைத்தேன். முதலாளி வைதார், வையட்டும். சீமையில் எத்தனை புத்தகம் கிடக்கிறதோ, அதையெல்லாம் நான் எங்கே போய் உடைப்பேன்? இப்போது டாக்கியில் திருடன் வந்தாலும் அதே அவிழ்ந்த முடி, அதே அரிவாள், கொட்டகையே சிரிக்கிறது. என்னால் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா உனக்குக் கருவாடும் வத்தலும் கட்டி வைத்திருக்கிறாள், கப்பலுக்குப் போகும் ஆளிடம் கொடுத்து விடுகிறேன். ஒரு காரியம் மறக்காதே. நீ அவர் மடியில் வளர்ந்தவள். அவர் எப்படிச் சிரிப்பார், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார், ஞாபகம் இருக்கிற அம்புட்டையும் அத்தை பேருக்கு எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குக் கதவைத் திறந்தால் நான் வாசித்துக் காட்டுகிறேன்.

குலம் தழைத்து, மஞ்சள் குங்குமத்தோடு நீடு வாழ்க.

உன் அப்பா
முத்திருளன்