நோ டவுட்ஸ் சார்

"டவுட் இல்லன்னு நீயே அடிச்சிட்டியாடா?" என்று அன்று கேட்டாய். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று உன் மனைவி வந்திருந்தார். நீ இரவல் வாங்கிய என் புள்ளியியல் புத்தகத்தை நீட்டி, "வீட்டைக் காலி பண்றோம், அண்ணே. இதுல உங்க பேரு இருந்துச்சு" என்றார். பிரித்தேன். ஆய்வகத்து ஸ்பிரிட் வாசம் இன்னும் போகவில்லை. நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது.

ஒரே பள்ளியில் இருபது வருடம் இருந்தோம். நான் கணக்கு வாத்தியார், நீ ஆய்வக உதவியாளர். நாற்பது வயது தாண்டி தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. சேர்ந்தாய். "ரிடையர் ஆவறதுக்குள்ள ஒரு வருஷமாவது போர்டு முன்னாடி நின்னு பாடம் எடுக்கணும்டா. பீக்கர் கழுவியே காலம் போவுது" என்றாய். அதற்கு முதலில் பட்டம் வேண்டும்.

இணையவழி வகுப்பு புதிதாக வந்திருந்த நேரம் அது. ஞாயிறுதோறும் நம் பள்ளிக் கணினி அறையில் முப்பது பேர் உட்காருவீர்கள். சென்னையிலிருந்து பேராசிரியர் திரையில் பேசுவார். கீபோர்டு ஒன்றுதான், அதுவும் பொறுப்பாளனான என் மேசையில். யாருக்குக் கேள்வி இருந்தாலும் நான்தான் ஆங்கிலத்தில் தட்டி அனுப்ப வேண்டும்.

அன்று பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அடி அண்ணாமலையிலிருந்து கூட்டத்தோடு நடந்தே வந்து, "பாதி கிரிவலம் முடிஞ்சிச்சு. டிகிரிதான் எப்ப பாதியாவும்னு தெரில" என்றாய். லைன் விட்டுவிட்டு வந்தது. பேராசிரியர் திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுபோனார். "ஈ பூந்துடப் போவுது, மூடச் சொல்லுடா" என்றாய். அறையே சிரித்தது. படம் திரும்பி வந்தபோது கணக்கு முடிந்துவிட்டிருந்தது.

"எனி டவுட்ஸ்?" என்றார். நீ என் பக்கம் குனிந்தாய்.

"அஞ்சு பீக்கரை அளந்தோம்னு வெச்சுக்க. சராசரிக்கு அஞ்சால வகுக்கறோம். ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ ஏறி எறங்குதுன்னு பாக்கறப்ப மட்டும் இன்னாத்துக்கு நாலால வகுக்கறாரு? ஒரு பீக்கர் எங்கடா போச்சு?"

லைன் போய்விடுமோ என்று பயந்தேன் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. எனக்கும் அது தெரியாது. இத்தனை வருடமும் சூத்திரத்தை மட்டுமே சொல்லிக்கொடுத்திருந்தேன். முப்பது பேர் முன்னால் அது தெரிந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் சேர்த்து வழக்கம்போல் 'நோ டவுட்ஸ் சார்' என்று தட்டினேன். அவர் நன்றி சொல்லி மறைந்தார். அப்போதுதான் நீ, "நீயே அடிச்சிட்டியாடா?" என்று கேட்டாய். கோபமாகக்கூட இல்லை.

மறுவாரமும் வந்தாய். சட்டைப் பையில் கை வைத்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். "எனி டவுட்ஸ்?" என்றதும் என் விரல்கள் பழக்கத்தில் தட்டிவிட்டன. உன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அதன் பிறகு நீ வகுப்புக்கு வரவில்லை. புள்ளியியலில் தேறவில்லை, மறுபடி எழுதவும் இல்லை. பள்ளியில் எப்போதும்போல் டீ வாங்கித் தந்தாய், பேசினாய். அதை மட்டும் பேசவில்லை.

நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்று செய்தி வந்தபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மீதி இரண்டு தாளையும் திருத்திவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை. இன்றுவரை அழவும் இல்லை.

உன் கேள்விக்கு விடையைப் பின்னால் தெரிந்துகொண்டேன். சராசரியிலிருந்து நான்கு பீக்கர்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், ஐந்தாவது தானாகவே தெரிந்துவிடும்; ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். புதிதாக அது எதையும் சொல்வதில்லை. அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

காகிதத்தில் உன் கையெழுத்து. ஆங்கிலத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கிறாய்: 'சார், வொய் டிவைடு பை ஃபோர்? ஒன் பீக்கர் வேர் கோன்?' மூலையில், தமிழில், 'அடுத்த ஞாயிறு கேட்கணும்.'

அதை என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல இனி ஒன்றுமில்லை. இதைப் படிப்பவர்களிடம் சொல்கிறேன்: "சந்தேகம் இருக்கா?" என்று கேட்ட பிறகு, மனதுக்குள் பத்து எண்ணி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.